மூன்றாவது மூலை

டிக்கோயா வளைவில், பெட்ரோல் செட்டுக்குப் பின்னால்
எங்கள் லேத் கடை.
கதவைத் திறந்தால் முதலில் பனி உள்ளே போகும்,
இரண்டாவதாக நான்.

இன்றிரவு ஒரு சீ.டீ.சீ. ரோலர்.
கொழுந்தைக் கசக்கிக் கசக்கிப் பல் மழுங்கியது.
பழைய பல்லை வழித்தெடுத்துவிட வேண்டும்.
காலை ஆறுக்கு அலோசியஸ் வருவான், புதுப்பல் வெட்ட.

டூல் நுனியில் இன்சர்ட், சுண்டுவிரல் நகமளவு.
மேலே தங்க நிறம்.
அடைவுகடைக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு
"எத்தனை கரட் பிள்ளை?" என்றார்.
ஒரு கரட்டும் இல்லை.
தலைமயிரைப் பத்தாக வகுந்தால் ஒரு பங்கு,
அவ்வளவுதான் அந்தப் பூச்சு
இரும்புக்கும் இதற்கும் நடுவில்.

வேகத்தைக் கூட்டினேன்.
ஒவ்வொரு பல்லாக மோதி
டக் டக் டக்கென்று தொடங்கி
பிறகு ஒரே இரைச்சல்.
சீவல் நீலமாக வந்தது.
சூடு சீவலோடு போகிறது, நல்லது.
தண்ணி திறக்கவில்லை. கொதிக்கிற நுனியில்
விட்டுவிட்டுத் தண்ணி பட்டால் மயிர்க்கீறல் விழும்.
எட்டாயிரம் ரூபாய் கட்டிப் படித்த பாடம் அது.

பதினொன்றரைக்கு நிறுத்தி லென்ஸ் வைத்தேன்.
மூலையில் தங்கம் இல்லை.
கறுப்பு.

இது மூன்றாவது மூலை.
நாலாவதைப் பகலில் சமிந்த கீழே போட்டு உடைத்தான்.
பெட்டியில் வேறு இல்லை.

பண்டாரவளைக்கு எடுத்தேன், இன்சர்ட் விற்கிற ருக்மாங்கதனுக்கு.
கொட்டாவியோடு சொன்னான்:
"அக்கா, தங்கம் சும்மா மேலால.
எந்த மூலை பாவிச்சதெண்டு கண்ணுக்குத் தெரியத்தான்.
சூட்டைத் தாங்குறது கறுப்பு.
அதுக்கும் அடியில சாம்பல் தெரியுதா?"
இல்லை.
"அப்ப வெட்டுங்க."
வைத்துவிட்டான்.

எட்டு வருசம்
மஞ்சள் போனால் மூலை மாற்றினேன்.
நாலும் போனால் தகர டப்பாவில் போட்டேன்.
டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். கனம்.

வெட்டினேன்.
வேகத்தைக் கொஞ்சம் இறக்கி,
கண்ணை விட்டுவிட்டுக் காதால் பார்த்து.
ஒருதரம் கீச்சென்றது; மூச்சை நிறுத்தினேன்.
அது டூல் இல்லை, கூரைத் தகரம். காற்று.

மூன்று மணிக்கு ரோலர் வழுவழுவென்று நின்றது,
பல் இல்லாத வாய் மாதிரி.

அலோசியஸ் வந்தபோது
பழைய பேப்பரில் டப்பாவைக் கவிழ்த்து
சாம்பல் ஒரு பக்கம் கறுப்பு ஒரு பக்கமாகப்
பிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன இது, கடலையா?" என்றான்.

கறுப்புப் பக்கம்தான்
பெரிதாகிக்கொண்டே போனது.