யானை வெடி

கைபேசியில் இரண்டு கோடு விழும் ஒரே இடம்
முத்தையன்கட்டுக் குளக்கட்டில், துருசுக்குப் பக்கத்தில்.
இரவு இரண்டரைக்கு அங்கே நின்று
பென்சில்வேனியாவுக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

துலூஸில் பத்து மணி. வாகீசன்
கடைசிச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு
உணவகத்தின் பின்படியில் குந்தியிருந்து கதைக்கிறான்.
"தபால் வாக்கு இன்னும் எண்ணி முடியேல்லை,
அதுக்குள்ள என்ன துள்ளுறாய்?"
பிலடெல்பியாவின் புறநகர்களை
ஒட்டுசுட்டான் சந்திக் கடைகள் மாதிரி
வரிசையாய்ச் சொல்கிறான்.
நானும் விடவில்லை, மாவட்டம் மாவட்டமாய்ப் போகிறேன்.
அங்கே நான் இறங்கியதே இல்லை.
அவனும்.

காணி அலுவலாய் மூன்று கிழமை லீவில் வந்தவன் நான்.
கச்சேரியில் கோப்பு ஒன்றைக் காணோம்.
அப்பாவின் வயல் மூலையில்
வன இலாகா நட்ட கல் நிற்கிறது.
நாளைக்கு அளக்க வருவார்களாம்.
நேற்றும் நாளைக்கு என்றார்கள்.

கட்டுக்குக் கீழே பரணில் புண்ணியலிங்கம். காவல்.
ஒரு மாதப் பயிர், ஆறு வெடி, ஒரு டோர்ச்.
உம்முடைய சத்தத்துக்கே யானை வராது என்று
முதல் இரவு சந்தோஷப்பட்டவர்
இன்றைக்குக் கட்டில் ஏறி வந்தார்.
"ஆர் தம்பி வெல்லுறது?"
"இன்னும் தெரியாதண்ணை."
"என்ன சின்னம்?"
"ஒரு பகுதிக்கு யானை."
"அட, அங்கையுமோ!"
வாயிலிருந்த பீடியைக் கையில் எடுத்துச் சிரித்தார்.
"மற்றவைக்கு?"
"கழுதை."
"கழுதை மன்னார் ரோட்டில எல்லோ நிக்கிறது.
ஹோர்ன் அடிச்சாலும் விலகாது.
எண்டாலும் யானைக்கு முன்னால அது என்ன செய்யும்?"

பிறகு,
"உமக்கு அங்க வாக்கிருக்கோ?"
இல்லை.
"இருக்கிற நாட்டில?"
டென்மார்க்கில் நகரசபைக்கு மட்டும்.
"இஞ்ச?"
இடாப்பில் வெட்டிவிட்டார்கள்.
தலையை ஆட்டினார். நக்கல் இல்லை.
மாடு தொலைத்தவனிடம் ஆட்டுகிற ஆட்டு.

அவருக்குச் சொல்லியிருக்கலாம்தான்.
மாத்தளனில் ஒரே பங்கருக்குள்
பதினேழு நாள் கிடந்தோம், வாகீசனும் நானும்.
கப்பல் வரும் என்று ஒரு கதை.
அமெரிக்கன் கப்பல்.
வெள்ளையாம், பெரிதாம், எல்லாரையும் ஏற்றுமாம்.
ஆர் சொன்னது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
கஞ்சிக்கு நின்ற வரிசைகூடக்
கடலைப் பார்த்துத்தான் நின்றது.
ஏறினவுடன் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று
தங்கச்சிக்குச் சொல்லிவைத்திருந்தான் வாகீசன்.
தங்கச்சியைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

இன்னும் ஒரு கிழமை பொறுத்திருந்தால்
அனுப்பியிருப்பினம், இது அவன்.
மற்றக் கட்சி இருந்திருந்தால்
முன்னமே அனுப்பியிருக்கும், இது நான்.
இதைக்கூட இப்படி நேரே சொன்னதில்லை.
வரி, எல்லைச் சுவர், மருந்துச் செலவு, துவக்குச் சட்டம்,
சுற்றிச் சுற்றி இத்தனை வருடமாய்க் கரைக்கு வருகிறோம்,
இறங்காமல் திரும்பிப் போகிறோம்.

மேற்குப் பக்கம் பாலைக் கொப்பு முறிந்தது.
புண்ணியலிங்கம் ஓடி இறங்கினார்.
பீடி நெருப்பைத்தான் திரியில் வைத்தார்.

வெடி.
குளம் முழுக்க உருண்டு திரும்பி வந்தது.

போனில் ஒன்றுமில்லை.
மூச்சும் இல்லை.
அப்போதுதான் கண்டேன்,
துருசுச் சுவரோடு ஒட்டிக் குந்தியிருக்கிறேன்,
தலைக்கு மேல் ஒரு கை.

"என்னடா அது?"
"யானை வெடி."
"எங்க நிக்கிறாய் நீ?"
"முத்தையன்கட்டில. கட்டு மேல."
இந்த மூன்று கிழமையும்
ஹேர்னிங்கில் என் குசினியில் இருந்து
கதைக்கிறேன் என்றுதான் நினைத்திருக்கிறான்.

கீழே டோர்ச் வெளிச்சம் வரம்போடு போய்
காட்டு விளிம்பில் நின்றது.

"தண்ணி நிக்குதோ?"
"ஓம். இன்னும் ரெண்டடி ஏறினா வான் பாயும்."
ஆரோ அவனைப் பிரெஞ்சில் கூப்பிட்டார்கள்.
கதவு ஒன்று சாத்தியது.
"சரி," என்றான், தொண்டையைச் செருமினான்,
"அந்தத் தபால் வாக்குக்கு வா."