ஐந்து இருபது

என் கணக்கில்
அந்தச் சாலையைக் கடப்பவர் நாற்பத்தொரு பேர்.
காலை ஏழிலிருந்து ஒன்பது வரை
குடை பிடித்துக்கொண்டு நானே எண்ணியது.
நாற்பத்தொரு பேருக்கு விளக்குக் கம்பம் கிடையாது,
விதி அப்படி.
அதுவும் தலைக்கு மேலே பாலம் இருக்கிற இடத்தில்.

பிறையில், செனாங்கின் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்
பூப்பந்துக் கோடுகளின் மேல்
நாற்காலி போட்டுக் கூட்டம்.
வரைபடத்தை விரித்தேன்.
காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு தே ஓ.
மூன்று மொழியில் வணக்கம் சொன்னேன்.
மூன்றிலும் பதில் இல்லை.

தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்த
தவமலர்தான் முதலில் கேட்டார்:
"ஏழு மணிக்கு இங்க யாரை எண்ணுனீங்க?
ஏழு மணிக்கு நாங்க
போர்டுல ஈயம் பத்தவெச்சிக்கிட்டு இருப்போம்.
அஞ்சு இருபதுக்கு வந்து எண்ணுங்க."

கோ சியூ லான் என் பாலத்தின் மேல் விரல் வைத்தார்.
பூண்டு மணக்கும் விரல்.
அறுபத்து நான்கு படி, என்றார் மலாயில்.
விளக்கு அணைந்து இரண்டு பெருநாள் ஆகிறது.
என் கைப்பை போனது இதோ, இந்தத் திருப்பத்தில்.

ஹஸ்னா ஒன்றும் பேசவில்லை.
பென்சிலை வாங்கி
சாலை நடுவே சின்ன வட்டம் போட்டு
உள்ளே ஒரு தேதி எழுதினார்.
என் கோப்பிலும் அது இருந்தது,
கறுப்புப் புள்ளியாக.
தேதி இல்லாமல்.

மறுநாள் இருட்டில் போனேன்.
பிறை என்ற ஊரில் அன்று முழுநிலா,
அது ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்த விளக்கு.
துறைமுகத்துக்குப் போகும் லோரிகள்
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்தபடி வந்தன.
தொழிற்சாலை பஸ்கள் எல்லாம் எதிர்ப்பக்கம்.
ஒரு பஸ்ஸுக்கு நாற்பது விநாடி, அதற்கு மேல் நிற்காது.
எண்ணினேன்.
சோற்றுப் பொட்டலத்தோடு, தூக்கத்தோடு,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவர்களை.
இருநூற்றுப் பதினேழில்
எதிரே இருந்து தவமலரின் குரல்:
"வாங்க! இப்ப வாங்க!"

ஓடினேன்.
பாலத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை,
பாலம் கட்டிய அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவள்.
அக்கரை சேர்ந்து மூச்சு வந்த பிறகு
கருவியை ஒருமுறை அழுத்தினேன்.
இருநூற்றுப் பதினெட்டு.

ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக் கட்டியும்
இரவல் வாங்கிய கூம்புகளும் கொண்டு போனேன்.
பஸ் நிறுத்தத்தை
நைலான் கயிற்றால் இந்தப் பக்கம் இழுத்துக் கட்டினோம்.
"இந்த வளைவுல நாப்பதடி வண்டி திரும்பாது,
எழுதி வேணா தரேன்" என்ற சங்கிலிமுத்து
எழுதித் தரவில்லை, லோரியையே கொண்டுவந்தார்.
பின்சக்கரம் கூம்பை அப்பளமாக்கியது.
கோட்டை ஒரு முழம் தள்ளினோம்.
மறுபடி அப்பளம்.
மூன்றாம் முறை கூம்பு ஆடியது, விழவில்லை.
தன் தோல்விக்குத் தானே ஹார்ன் அடித்தார்.

பச்சை விளக்குக்கு என் சூத்திரம் கொடுத்தது
பதினான்கு விநாடி.
தொடையில் இரும்புக் கம்பி வைத்த பாலசேனா
நடந்து பார்த்தார்.
கூட்டம் உரக்க எண்ணியது,
ஆளுக்கொரு மொழியில், எண்கள் முட்டிமோத.
இருபத்திரண்டு.
அறிக்கையில் இருபத்திரண்டு என்றே எழுதினேன்.
எந்தச் சூத்திரம் என்று மேலதிகாரி ஓரத்தில் கேட்டிருந்தார்.
பாலசேனாவின் இடது கால், என்று எழுதி
அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதினேன்.

கோப்பு இப்போது ஐந்தாவது மேசையில்.
மழை வந்தால் கோடு கரைந்துபோகிறது.
யாரோ திரும்ப வரைகிறார்கள்.
ஒருநாள் நேராக, ஒருநாள் கோணலாக,
ஒருநாள் ஓரத்தில் பூனைப் படத்தோடு.

இன்று ஐந்து இருபதுக்கு
ஒரு லோரி அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றது.
சங்கிலிமுத்துவின் வண்டி இல்லை, ஜொகூர் எண்.
ஹஸ்னா கடந்து போனார், ஓடாமல்.

சட்டப்படி அது கோடே இல்லை.