நின்றால் ஒன்று முப்பது

த்ரியெஸ்தேயில் முதல் காப்பிக்கு
ஐந்தரை யூரோ கொடுத்தேன்.
கடலைப் பார்த்த பெரிய சதுக்கம்,
வெள்ளை விரிப்பு, கனத்த கரண்டி,
கேட்காமலே வந்த பிஸ்கட் ஒன்று.
காப்பி என்னவோ
மூன்று மிடறில் முடிந்துவிட்டது.
கம்பெனி கொடுக்கும் நாள்படியில்
அது அரைச் சாப்பாடு.
பில்லை நான்காக மடித்தேன்,
யாரும் பார்க்கக்கூடாத கடிதம்போல.

துறைமுகத்துக் குளிர்பெட்டிகளைச் சோதிக்க
ஐந்து நாள் வந்தவன் நான்.
காலைக் காப்பி சரியில்லையென்றால்
மானியில் முள் இரண்டாகத் தெரியும்.
விடுதி வராந்தாவில் ஓர் இயந்திரம்;
பொத்தானை அழுத்தினால்
இருமிவிட்டுப் பழுப்பாய் எதையோ பெய்யும்.
அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டாம் நாள் காற்று.
போரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் அதற்கு.
மலையிலிருந்து இறங்கி
வரிசையாய் நின்ற ஸ்கூட்டர்களை
வரிசையாகவே படுக்க வைத்துவிட்டுப் போகிறது.
தெருமுனைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
எதிரே ஒரு கதவு திறந்தது.
விசாரித்துக் கண்டுபிடித்த கடை என்று
ஊரில் சொல்லிக்கொள்வேன்.
தள்ளிவிட்டது காற்றுதான்.

உள்ளே இரண்டு மேசை, இரண்டும் காலி.
எல்லோரும் நிற்கிறார்கள்,
கல்யாணப் பந்தியில்
அடுத்த இலைக்கு இடம் பிடித்து
நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்களைப் போல,
தோளோடு தோள், அவசரம், பேச்சு.
சுவரில் கையெழுத்து அட்டை:
நின்றால் ஒன்று முப்பது.
உட்கார்ந்தால் இரண்டு எண்பது.
முழங்கால்களைக் கேட்டேன்.
நிற்கிறோம் என்றன.

கப்புச்சினோ என்றேன்.
சின்னதாய் வேறெதுவோ வந்தது.
இது அதில்லையே என்று கையை விரித்தேன்.
‘இங்கே இதுதான் அது’ என்றாள் நிவெஸ்,
கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தவள்.
கிரேன் ஓட்டும் ஓஸ்கர் விளக்க வந்தார்,
தபால்காரி லொரெதானா அவரைத் திருத்தினாள்,
பிறகு இருவரும் என்னை மறந்துவிட்டு
தங்களுக்குள் சண்டை போட்டார்கள்.
சண்டையிலிருந்து நான் பொறுக்கிக்கொண்டது
ஒரே ஒரு பெயர்: காப்போ இன் பி.
கட்டைவிரல் உயரக் கண்ணாடி கிளாஸ்,
அதில் பாதிக்குக் கறுப்பு,
மேலே சிட்டிகை நுரை.

விரல் சுட்டது. உதடு சுட்டது.
கசப்பு நேராக உள்ளே வந்து
தன் இடத்தில் உட்கார்ந்தது.
பின்னாலேயே பால்,
தாமதமாக வந்ததற்கு
மன்னிப்புக் கேட்பதுபோல்.
சர்க்கரைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.
மூன்று கரண்டி போடுகிற ஆள் நான்.

அப்புறம் காலையில் இரண்டு, மாலையில் ஒன்று.
சதுக்கத்து ஐந்தரைக்கு
இங்கே நான்கு குடித்துவிட்டு
முப்பது சென்ட் மிச்சம் பிடிக்கலாம்
என்று கணக்குப் போட்டபோது
உடம்பில் ஒரு சூடு, அது காப்பியால் மட்டுமல்ல.
நான்காம் நாள் நான் வாய் திறக்குமுன்
கிளாஸ் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அட்டை மாறியிருந்தது.
நின்றால் ஒன்று நாற்பது.

கடை கொதித்துப் பொங்கியது.
ஓஸ்கர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார், சாவு வீட்டில்போல.
லொரெதானா தபால் பையைக் கீழே போட்டாள்.
நிவெஸ் ஒன்றும் பேசவில்லை.
மின்கட்டண ரசீதைக் கொண்டுவந்து
இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டினாள்.
அன்றிரவு ரயிலேறப் போகிறவன்,
இந்த ஊருக்கு இனி வருவேனோ மாட்டேனோ,
பலகையைத் தட்டி ‘அநியாயம்!’ என்றேன்
பச்சைத் தமிழில்.
ஒரு கணம் அமைதி.
‘அந்யாயோ’ என்றார் ஓஸ்கர்,
சொல்லுக்கு ஒரு வால் ஒட்டி.
‘அந்யாயோ, அந்யாயோ’ என்றது வரிசை முழுதும்.
நிவெஸுக்குக்கூட உதட்டோரம் அசைந்தது.

ஒன்று ஐம்பது வைத்தேன்.
பத்து சென்டை நகர்த்தினாள்.
எடுத்துக்கொண்டேன்.
தினமும் வருகிறவன்
டிப்ஸ் வைப்பானா என்ன?