பதினோரு நொடி

பேச்சு மேடைக்குக் கீழே எங்களுக்கு ஒரு சின்ன மேசை.
பத்து நிமிடத்துக்கு ஒருத்தி.
பென்சில் மழுங்குவதற்குள் அடுத்தவள் வந்து உட்காருவாள்.
இருபத்தாறு வருடம் அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைத்தேன்.
முகம் மறந்துபோகும். பல் மறக்காது.

ஹில்யா ஒரவாலாவுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து.
சகரம் வந்தால் கூடவே ஒரு சீழ்க்கையும் வரும்.
ஹில்யா என்றால் எங்கள் மொழியில் ஓசையற்றவள்.
பெயரிட்ட பாதிரியார்
பாவம், இவர் வரவுசெலவு விவாதத்தைக் கேட்டதில்லை.

போர் முடிந்து மூன்றாம் வருடம்
ஹெல்சிங்கியின் கருங்கல் படிகளில் ஈரக் காலணியோடு ஏறி வந்தார்.
மர அறுவை ஆலையில் கூலிக்கணக்கு எழுதியவர்,
நகரமன்றத்தில் பால் பங்கீட்டுக்காக மேசையைத் தட்டியவர்.
கன்னிப்பேச்சு நான்கே நிமிடம்:
பிரசவ விடுதிக்குப் போகும் சாலையில்
பனி வழிக்கும் பொறுப்பு யாருடையது?

(சிரிப்பு) என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன்.
அதற்குத்தான் சம்பளம்.
மறு குளிர்காலம் அந்தச் சாலையில் பனி வழித்தார்கள்.
அதைப் பதிய அடைப்புக்குறி இல்லை.

பிறகு குழுக்கள், துணைக்குழுக்கள்,
கட்சியில் யாரும் தொட விரும்பாத தணிக்கைக் கோப்புகள்,
ஆறிப்போன காப்பி.
அந்நாளில் எங்கள் மந்திரிசபைகள் ஏப்ரல் மாத ஏரிப்பனி போல:
மேலே நிற்கலாம், குதிக்கக் கூடாது.
அப்படி ஒன்றில் அவருக்குப் போக்குவரத்து வந்தது.
பதினான்கு மாதம்.

நட்டத்தில் ஓடும் ரயில் தடங்கள் ஏழை மூடும் மசோதா.
பட்டியலில் ஐந்தாவது குவுசிலஹ்தி.
அவருடைய ஊர். அவருடைய வாக்குகள்.
அவர் அப்பா இரவெல்லாம் விளக்கோடு நடந்து காத்த தண்டவாளம்.
ஒரு பேனாக் கோடு போதும்,
ஏழு ஆறாகியிருக்கும், எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
அவர் கோடு போடவில்லை.

எதிர்வரிசையிலிருந்து ஒஸ்கரி ஹுய்ஸ்கோ எழுந்தார்:
"உம்முடைய அப்பா இருந்தால் இன்றைக்கு என்ன சொல்வார்?"

அமைச்சர் வாய் திறந்தது. சீழ்க்கை இல்லை.
நான் தலை தூக்கிச் சுவர்க்கடிகாரம் பார்த்தேன்.
ஒன்று. இரண்டு. யாரோ இருமினார்கள். ஆறு.
சுருக்கெழுத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கீற்று உண்டு,
வசைக்கு, கைதட்டலுக்கு, நாற்காலி சரியும் சத்தத்துக்குக்கூட.
இதற்கு இல்லை.
பதினோராவது நொடியில் அவர்
டன் கணக்கில் சரக்கு விவரம் வாசிக்கத் தொடங்கினார்.
பதிவேட்டில் கேள்வியின் அடியில் ஒட்டினாற்போல் பதில்.

கடைசி வண்டியில் அவரே போனாராம்.
நிலையத்தில் கூட்டம், ஒரு சொல் இல்லை.
ஒரு பையன் உறைந்த குதிரைச் சாணத்தை எறிந்தான்,
தொப்பி பறந்தது.
"குறி நல்லா இருக்கு" என்றாராம்.
திரும்பி வரப் பேருந்து.
அவர் வாக்களித்த தார்ச்சாலை அதுவரை பாதிதான்,
மீதிக்கு ஏழு மணி நேரம் குலுங்கினார்.
தேர்தலில் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றார்.
அப்புறம் ஏதோ நூலக வாரியம்.

நான் ஓய்வு பெற்ற வருடம், ஹகனியெமி சந்தையில்
சில்லறையை உள்ளங்கையில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தார்.
என்னை அடையாளம் தெரிந்தது.
"அந்தப் பதினோரு நொடியை எழுதினீர்களா?"
இல்லை என்றேன்.
அவரும் எண்ணியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"தாள் மாறிப்போச்சு," என்றார்,
"நாலாம் பக்கம் அடியில் சிக்கியிருந்தது. வேறொன்றுமில்லை."

அத்தனை வருடம் நான் அதைத் துக்கமென்று
வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தேன்.
அவர் சொன்னதை நம்பலாமா, தெரியாது.
முன்னாள் அமைச்சர்.
"வேறொன்றுமில்லை" என்ற சொல்லில்
சகரம் கிடையாது, சீழ்க்கையை வைத்துச் சோதிக்கவும் வழியில்லை.

மீன்காரர் மத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.
அரைக் கிலோ. எனக்கும் அதுவே என்றேன்.