ஏழு பேர் இறங்கிய வண்டி

பிட்ஸ்பர்க்கில் பிப்ரவரி.
வாசற்படிக்கு உப்புத் தூவிவிட்டு
நிலவறைக்கு இறங்கினேன்.

மேசைமேல் கிடந்தது அது:
என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான டிராம்,
வெண்ணெய் நிறக் கூரை, ரத்தச் சிவப்பு உடல்,
நெற்றிப் பலகையில் ‘பணிமனைக்கு’ என்று எழுத்து.
ஆறு டாலர் வாங்கிக்கொண்டு
"டம்மிதான், தானாக ஓடாது" என்றார் கடைக்காரர் பெட்ரோஸ்கி.
"ஓடுகிற ஒன்றின் பின்னால் கோத்துவிடு,
இதுவும் ஓடுவதுபோலவே இருக்கும்."

எனக்கு அப்படிச் சில பேரைத் தெரியும்.

பகலில் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கிறவள் நான்.
கடுகளவு திருகாணி
என் விரலுக்குப் பெரிய பொருள்.
நான்கு கொக்கிகளை நெகிழ்த்தி உடலைத் தூக்கினால்
உள்ளே ஆட்கள்.

பன்னிரண்டு பேர்.
முன்பு வைத்திருந்த யாரோ
ஒவ்வொருவராக உட்காரவைத்து வண்ணம் பூசியிருக்கிறார்.
ஒருத்திக்குப் பச்சைத் தொப்பி.
ஒருவன் மடியில் அரிசிக் குருணையளவு சாப்பாட்டு டப்பா.
நகராத வண்டியில்
எத்தனை வருஷமாகவோ
வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மோட்டார், செத்துப்போன சி.டி. பெட்டியிலிருந்து பிடுங்கியது,
பதினைந்து மில்லிமீட்டர் உயரம்.
ஜன்னலுக்குக் கீழே இருப்பது பதினொன்று.
படுக்கவைத்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன்.
கணக்கை எப்படிப் புரட்டினாலும்
நடு இருக்கைகள் போயாக வேண்டும்.

கத்தி நுனியை அடியில் கொடுத்து நெம்பினேன்.
பழைய பசை ‘டிக்’கென்று விட்டது, ஏழு முறை.
பச்சைத் தொப்பிக்காரி மட்டும்
இருக்கையில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டே வந்தாள்.

அப்புறம் மூன்று இரவு.
பித்தளைத் திருகும் பல்சக்கரமும்
இறுகவும் கூடாது, விலகவும் கூடாது:
நடுவே சிகரெட் தாள் ஒன்றை வைத்து அளந்தேன்.
தண்டவாளத்து மின்சாரத்தை வாங்க
சக்கர முதுகைத் தடவும் நான்கு செப்பு மீசைகள்.
வழுக்காமலிருக்க எடை வேண்டுமே,
டெல்மரின் தூண்டில் பெட்டியிலிருந்து ஈயக் குண்டுகள்
(கேட்கவில்லை; ஏப்ரல்வரை தேடமாட்டான்).

நான்காம் இரவு
பழைய ஓடும் வண்டியோடு கோத்து
குமிழைத் திருகினேன்.
முன்வண்டி கிழக்கே இழுத்தது.
என் வண்டி மேற்கே.
நடுவில் கொக்கி விறைத்து நிற்க
இரண்டும் நின்ற இடத்தில் நடுங்கின.
படியில் உட்கார்ந்திருந்த என் கணவன் டெல்மர்
"நம் கல்யாண வீடியோ மாதிரி இருக்கிறது" என்றான்.

சிவப்புக் கம்பியைக் கறுப்பின் இடத்தில் வைத்தேன்.
கறுப்பைச் சிவப்பின் இடத்தில்.
ஒரு நூலளவு புகை, ஈயப்பற்று மணம்.
இந்த முறை கொக்கியைக் கழற்றிவிட்டுத்
தனியாகவே விட்டேன்.

போனது.
தேநீர்க் கெட்டில் கொதிக்குமுன் முனகுமே, அந்தச் சத்தத்தோடு
வளைவில் தயங்கி,
தயங்கியதை மறைத்துக்கொண்டு போனது.
ஏழு பேர் இடத்தில் கறுப்பாக ஒரே ஒரு தடியன்.
முன்னால் மூவர், பின்னால் இருவர்,
அவனைப் பார்க்காததுபோல் பார்த்தபடி.

இரண்டாம் சுற்றில்தான் கவனித்தேன்.
நிறுத்தத்தில், ஐஸ் குச்சியில் செய்த பெஞ்சில்
அந்த ஏழு பேர்.
டெல்மர் வேலை.
"உட்கார்ந்த பொம்மைகள், வெர்னா. நிற்கத் தெரியாது."

வண்டி அவர்களைக் கடந்தது.
மறுபடி கடந்தது.
ஐந்தாம் சுற்றில் கை தானாகக் குமிழைத் தணித்தது.
ஒரு வண்டி நீளம் தாண்டிப் போய் நின்றது.
கதவு அச்சில் வார்த்தது, திறக்காது.
எங்கள் இருவருக்கும் தெரியும்.
இருந்தாலும் ஒரு நிமிஷம்
யாரும் பேசவில்லை.
மேலே தெருவில் பனி வழிக்கும் லாரி போனது,
கூரைத் தூசு கொஞ்சம் பெஞ்சின்மேல் விழுந்தது.

"அது அவர்கள் வண்டியே இல்லை" என்றான் டெல்மர்.
"பலகையைப் பார். பணிமனைக்குப் போகிறது."

நான் குமிழைத் திருகினேன்.