நாலாவது ஸ்கிரீன்

ஒன்பதாம் பாகம் வருவதற்கு
ரெண்டு மாசம் முன்னாலேயே
எனக்குத் தெரிந்துவிட்டது.
ஆர்டர் தாளில் மூன்றே கலர்.

கறுப்பு, சாம்பல், வெள்ளை.
நாலாவதாய் எப்போதும் ஒரு சிவப்பு வரும்,
முகமூடியின் கண்ணுக்கு,
அரிசி அளவில் ரெண்டு புள்ளி.
பதினோரு வருசமாய் அது என் கையில்தான்.
டேபிளின் கோடியில் நிற்பேன்.
கட்டையை ஒரு இழு இழுத்தால்
சாம்பல் தளபதி முழித்துக்கொள்வான்.

"சிவப்பு விட்டுப்போச்சுங்களா?" என்று
மெர்ச்சண்டைசர் பிள்ளைக்குப் போன் போட்டேன்.
"இல்லீங்ண்ணா, பையர் ஓக்கே பண்ணுனதுதான்.
யாருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க."

விடவில்லை.
அங்கேரிபாளையம் பேக்கரியில்
தினமும் பொழுதோட அதே சண்டை.
"மூணாம் பாகத்துல ஒரு நிலாவையே எரிச்சவன்,
அவன் திருந்துனா
ஒம்போது படத்துக்கும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேப்பேன்"
என்பான் சரவணக்கார்த்தி.
சட்டை மடிக்கும் மயிலாத்தா மகளோ
அவன் திருந்தாவிட்டால் சோறு இறங்காது என்பாள்,
எட்டாம் பாகத்தில் அவன் ஒரு நொடி
கதவருகே நின்றானாம்.
ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ்
பாதித் தமிழில் சொன்னான்:
"நிலாவில இருந்த ஆளுங்க மன்னிச்சா சரி.
அவங்கதான் இல்லியே."

நான் டீ குடித்தேன்.
குடோனில்
நாலாயிரத்து இருநூறு மன்னிப்பு
சைஸ் வாரியாய் மடித்து, பாலிபேக்கில்,
கப்பலுக்குக் காத்திருந்தது.

முதல் பாகம் பார்த்தது திருமூர்த்தியோடு.
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய
எட்டுக் கலர் மெஷினை
அஞ்சாம் பாகம் வந்த வருசம்
விற்றுவிட்டு ஓடிப்போனான்.
வட்டி மட்டும் ஓடவில்லை.
ஆறாம் பாகத்தில் வீட்டுக்காரி சங்கிலி அடகுக்குப் போனது,
எட்டில் மீண்டது.
எங்கள் வீட்டில் காலண்டர் அப்படித்தான்.

முதல் நாள், காலைக் காட்சி.
முகமூடி கழன்றதும்
உள்ளே ஒரு சாதாரண ஆள்,
தொங்கிய கன்னம்,
கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரிக் கண்.
பாதித் தியேட்டர் விசில்.
பாதி, அவன் அம்மாவை இழுத்தது.
குழந்தைகள் போகிற கலத்துக்கும்
வருகிற நெருப்புக்கும் நடுவே
தன் கலத்தைக் கொண்டுபோய் நிறுத்தினான்.
நிலா எரிய நாலு நிமிசம் ஆகியிருந்தது.
அவன் திருந்திச் சாகப் பன்னிரண்டு.
வாட்சைப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

முடிவு தெரியும்.
அதைச் சட்டையில் அடித்தவனே நான்.
இருந்தும் அழுதேன், கர்ச்சீப் இல்லாமல்.

விளக்குப் போட்டபோது
முன்வரிசையில் எழுந்தவன் திருமூர்த்தி.
முடி கொட்டியிருந்தது.
என்னைப் பார்த்தான்.
நகரவில்லை.
படியிறங்கும் கூட்டம்
எங்களைப் பக்கத்தில் தள்ளியது.

"தையில பாதியாவது தந்தர்றேன்" என்றான்.
நான் கேட்டது வேறு:
"படம் எப்படி?"
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"திருத்தியிருக்கப்படாது.
அத்தனையும் பண்ணிப்போட்டு
இவ்வளவு சுளுவா முடிச்சுட்டாங்க."
குரல் கம்மியது.
நிஜமாகவே கோபம் அவனுக்கு.

பப்ஸ் வாங்கித் தந்தான்.
தின்றேன். அவ்வளவுதான்.
தை வந்தது. பணம் வரவில்லை.
மாசியில் கொஞ்சம் வந்தது.

நாலாவது ஸ்கிரீனை உரித்துக் கழுவி
வேறு ஆர்டருக்கு வைக்கச் சொல்கிறார் முதலாளி.
நாளைக்குங்க, என்கிறேன்.
சுவரோரம் சாய்ந்து நிற்கிறது,
வலை இன்னும் விறைப்பாய்.
சாயங்கால வெயில் வரும்போது
தரையில் ரெண்டு புள்ளி
அரிசி அளவில் விழுகிறது.
வெறும் வெளிச்சம்தான்,
சிவப்பில்லை.