இரண்டாவது மதிப்பாய்வாளருக்கு

அட்டவணை மூன்றில்
பதினொரு நாட்கள் ஏன் வெறுமை என்று கேட்டிருக்கிறீர்கள்.
இரண்டு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடலாமே
என்றும் எழுதியிருக்கிறீர்கள், மரியாதையாகத்தான்.

நாட்டில் டீசல் இல்லாத மாதம் அது.
திருகோணமலையில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால்,
எங்கள் காற்றூதி நின்றது ஒரு செவ்வாய் பின்னேரம் நாலரைக்கு.
ஜெனரேட்டர் இருந்தது. கானில் அடிமண்டி இருந்தது.
மூன்று கான்களோடு வரிசைக்குப் போன கீர்த்திரத்ன
இரண்டு இரவு திரும்பவில்லை.

காற்று நின்றால் சேறு சாகும்.
தெரிந்ததுதான். சாகும்போது பார்த்திருக்கிறீர்களோ?
முதல் நாள் மழைபட்ட மண்ணின் மணம் இருந்தது.
மறுநாள் மணமே இல்லை.
மூன்றாம் நாள் கூழ்முட்டை.
நுணுக்குக்காட்டியின் கீழ்
மணி மணியாய் ஆடும் வோர்டிசெல்லாக்கள்
காம்பைக் கழற்றிவிட்டுப் போயிருந்தன.
வெறுங் காம்புகள்,
அரிவு வெட்டிய வயல் மாதிரி.

எட்டாம் நாள் டீசல் வந்தது.
உறைமோர் இல்லாத வீட்டில் பால் இருந்தென்ன?
கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவதுபோல
உப்புவெளி விடுதிக்குப் போனேன்,
மஹ்ரூபின் கலி பவுசரில், முன்சீட்டில்.
அங்கே சூரியத் தகடு இருந்தது, மூன்றே விருந்தினர்.
அவர்களுடைய சேறு பட்டினியாய்க் கிடந்தது, ஆனால் உயிரோடு.
மேற்பார்வையாளர் யூஜின் கணக்கு எழுதவில்லை.
"இதைக் கடனாகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்" என்றார்.
திரும்பும் வழியில் புள்ளிமான்கள் வீதியை மறித்து நின்றன.
ஹோன் அடிக்கவில்லை. எங்கள் வாடைக்கே விலகின.
பவுசரில் என்னைக் கண்ட சின்னம்மா
கலியாணப் பேச்சில்
"பிள்ளை தண்ணீர்ப் பகுதி" என்றாராம்.
பொய்யில்லை.

நான்கு நாள் பனங்கட்டி கரைத்து ஊற்றினோம்.
பன்னிரண்டாம் காலை, கண்ணாடித் தகட்டில்,
ஒரேயொரு காம்பு சுருங்கி, விரிந்தது.
அன்றைக்குத் தொடங்குகிறது மறுபடி உங்கள் அட்டவணை.

இவ்வளவையும் அடிக்குறிப்பில் சொல்லியிருக்கலாம்.
சொல்லாதது வேறு.

காற்றூதி நின்றதற்காக வாட்டுகள் நிற்கவில்லை.
பிள்ளைகள் பிறந்தார்கள். தரை கழுவினார்கள்.
நாலாம் இரவு தொட்டி விளிம்பைத் தொட்டது.
மாற்றுவழி வால்வின் சில்லு துருப்பிடித்திருந்தது.
இருபத்திரண்டு சுற்று, என் கையால். எண்ணினேன்.
அந்தக் குழாய் நேரே குடாவுக்குப் போகிறது.

மாதிரிப் போத்தல்கள் கழுவி, பெயர் ஒட்டி,
தட்டில் வரிசையாய் நின்றன.
ஒன்றைக்கூட நிரப்பவில்லை.
டீசல் இல்லாமற் போனது காற்றூதிக்கு.
போத்தலுக்கு அல்ல.

விடிய, பந்தடித்துக் களைத்த பெடியள்
அந்தக் கரையில் கடலுக்குள் பாய்ந்தார்கள்.
வேலியில் நின்று கத்தினேன், கையை வீசினேன்.
அவர்களும் சிரித்துக்கொண்டு கை காட்டினார்கள்.

ஆகவே ஐயா, அல்லது அம்மா,
கோடு இழுக்க இயலாது.
அங்கே இருந்த எண் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.
தெரியாதிருக்கும்படி பார்த்துக்கொண்டேன் என்பதை
எந்த நிரலில் எழுதுவது?

பக்கம் நான்கில் அலகுப் பிழை திருத்தப்பட்டது.
கவனித்ததற்கு நன்றி.